உப்புச்சுவர், ஐந்தாவது சீசன் வரை

எந்தத் தொடரையும் ஐந்து சீசனுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். இன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சானலைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், மேடம். ஸ்டேஷன் வேலையில் உங்களுக்கு நேரம் கிடைக்காது. ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கிறாரே அந்த இளம் போலீஸ்காரர், அவர் பார்த்திருக்கிறார். நான் உள்ளே வந்து பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைவிடக் குரல்தான் பலருக்குத் தெரியும்.

என் பெயர் அன்புமணி. இங்கே செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைக் கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பதுதான் இப்போது முக்கால்வாசி வேலை. பக்கத்துக் கடை ஸ்டீபனுடையது. செல்போன் ரிப்பேர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவன் அந்தப் பக்கம் இருமினால் எனக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

ஸ்டீபன் எப்படி இறந்தான் என்பதை ஜெனிபர் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது எதையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவள் அவனுடைய மனைவி. துக்கத்தில் இருக்கிறாள். கோபத்தில் நடந்ததுபோல அவள் சொல்லியிருக்கக்கூடும். கோபம் எதுவும் இல்லை. அதனால்தான் நானே வந்தேன்.

முதலில் அந்தத் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'உப்புச்சுவர்' என்று பெயர். வெளிநாட்டில் எடுத்தது, தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். மிஞ்சியவர்கள் கடற்கரையில் ஒரு பழைய உப்பு ஆலையைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டு உள்ளே பிழைக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி மார்த்தா. அதற்கு முன்னால் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஐந்தாவது சீசன் கடைசியில் ஜோம்பிகள் கும்பலாக வரும்போது கதவை உள்ளேயிருந்து மூட முடியாமல் போய்விடுகிறது. மார்த்தா வெளியே இறங்கி, வெளிப்பக்கத்திலிருந்து மூடிவிடுகிறாள். அவள் முகத்தைக்கூடக் காட்டவில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் கேட்கும். நானும் ஸ்டீபனும் என் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். முடிந்த பிறகு அந்தக் கடைசி நிமிஷத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். வாசலில் ஒரு அம்மா பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மார்த்தாவின் மகள் ரூத் என்ற பெண்ணை வைத்துக்கொண்டு மேலே மேலே ஓட்டினார்கள். ஆறாவது சீசன் முழுக்க, உப்பு மண்ணில் வெங்காயம் முளைக்குமா முளைக்காதா என்று உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அந்த வருஷம்தான் என் மனைவி கலைவாணி வல்லத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்ததால் எனக்கு நேரம் நிறையக் கிடைத்தது, அவ்வளவுதான். அப்போதுதான் சானல் ஆரம்பித்தோம். 'மதில்மேல் ரெண்டு பேர்' என்று ஸ்டீபன் பெயர் வைத்தான். கேமராவும் லைட்டும் என்னுடையது. நான் தொடர் கெட்டுப்போய்விட்டது என்பேன். அவன் இல்லை, இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்பான். அதைத்தான் வாராவாரம் செய்தோம்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பார்க்கிறவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். என் பக்கம் இருந்தவர்களுக்கு அஞ்சாம் கட்சி என்றும், அவன் பக்கம் இருந்தவர்களுக்கு வெங்காயக் கட்சி என்றும் பெயர் வந்தது. கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனால் பந்தியில் யாராவது பையன் வந்து, "அண்ணா, நான் அஞ்சாம் கட்சி" என்று கை கொடுப்பான். மேடையில் மாலையோடு நிற்கிற மாப்பிள்ளை, "நான் வெங்காயம்ணா" என்று சொல்லிச் சிரிப்பான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லலாம்.

பிறகு ஸ்டீபனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. சர்க்கரையும் இல்லை, குடியும் இல்லை. கால் வீங்கியது. டெஸ்ட் எடுத்துப் பார்த்தபோது இரண்டுமே போயிருந்தது. வாரத்துக்கு மூன்று முறை திண்டிவனத்தில் ஒரு தனியார் மையத்தில் டயாலிசிஸ். பஸ்ஸில் போய் வர அவனால் முடியாது. என்னிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. நான் கூட்டிப்போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். முகூர்த்த நாளாக இருந்தால் படமெடுக்க வேறு ஆளை அனுப்பிவிட்டு அவனோடு போயிருக்கிறேன். நீங்கள் ஊரில் விசாரித்தால் சொல்வார்கள். ஜெனிபர் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில்கூட என்னைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

மெஷினில் போட்டால் நாலு மணி நேரம். ஒரு கையில் ஊசி. இன்னொரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு அவன் தொடர் பார்ப்பான். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

"ஏன்டா இத்த இன்னும் பாக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மார்த்தா செத்தது பெரிய விஷயமில்ல அன்பு. மறுநாள் காலைல எழுந்து அதே ஜனங்க அடுப்பப் பத்தவைக்கிறாங்க பாரு, அதான் பெரிய விஷயம்."

"அடுப்பு, வெங்காயம்."

"ஆமாண்டா, வெங்காயந்தான். வாரத்துக்கு மூணு தபா நான் இங்க வந்து படுத்துக்கினு இருக்கறேனே, இது இன்னா, சண்டை சீனா? இதுவும் வெங்காயந்தான்."

மெஷின் பார்த்துக்கொள்ளும் முருகையன் என்ற பையன் சிரித்தான். பக்கத்துப் படுக்கையில் இருந்தவரும் சிரித்தார். அதையே பிறகு ஸ்டீபன் ஒரு வீடியோவாகப் போட்டான். என்னிடம் சொல்லவில்லை. படுத்தபடியே, கையில் குழாயோடு, செல்போனில் பேசி எடுத்தது. வெளிச்சம் சரியில்லை. முகத்தில் பாதி இருட்டு. அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதுவரை போட்ட எல்லாவற்றையும் தாண்டிப்போனது.

அதன் பிறகு அஞ்சாம் கட்சியில் ஆள் குறைந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "அன்பு அண்ணன் பேசறதக் கேட்டா அவருதான் ஜோம்பி மாதிரி இருக்குது. ஒரே டயலாக்கச் சொல்லிக்கினு நடந்துக்கினே கீறாரு." இப்படி எழுதுகிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

ஒருமுறை ரசிகர்களைக் கோட்டைக்கு வரச்சொன்னோம். வெங்கட்ரமணர் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். விழுப்புரம், ஆரணி, புதுச்சேரி என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே வெங்காயக் கட்சி ஒரு பக்கமாகவும் அஞ்சாம் கட்சி ஒரு பக்கமாகவும் உட்கார்ந்துகொண்டது. என் பக்கம் நிழல் அதிகமாக இருந்தது, ஆட்கள் குறைவாக இருந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, எட்டாவது சீசன்ல அந்த மணியடிக்கிற பெரியவரு சீன் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"தேவையே இல்லாத சாவும்மா" என்றேன்.

அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். உடனே ஸ்டீபன், "அன்பு கணக்குல எட்டாவது சீசன்ல எல்லாருமே செத்தவங்கதாம்மா. நடிச்சவங்க, எடுத்தவங்க, பாக்கறவங்க, எல்லாரும்" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இப்படித்தான், நான் சீரியஸாகச் சொல்வதை அவன் கேலியாக்கிவிடுவான். எனக்கு அது ஒரு வருத்தம். வருத்தம்தான், கோபம் இல்லை.

அவன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக்கொண்டு நனைத்து நனைத்துக் குடிப்பான். வெயில் காலத்தில் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தோல் கறுத்து, கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஒரு மனுஷனுடைய ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே விட்டு, இன்னும் இரண்டு நாள் நட என்று அனுப்புகிறார்கள். ஜோம்பி என்றால் என்ன? முடிய வேண்டிய இடத்தில் முடியாதது. இதை நான் வீடியோவில் தொடரைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் நினைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தது உண்மை. ஜெனிபருடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தியது. பொங்கல் கழித்து சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நீங்கள் இதைப் பெரிய விஷயமாக நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் அதை இன்னொரு சீசன் என்றுதான் பார்த்தேன். இன்னொருத்தி உடம்பை அறுத்து, மாத்திரையில் ஓட்டி, நாலு வருஷமோ ஆறு வருஷமோ. முதலில் இருந்த மாதிரி வராது. எதுவும் வராது.

புயல் அதற்கு முன்னால் வந்தது. உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் அந்த மாதிரி மழையை யாரும் பார்த்ததில்லை. சங்கராபரணி ஆறு கரை கொள்ளாமல் போனது. ஸ்டீபன் ஊர் செஞ்சியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிக்கரை உடைந்து, சிறுபாலம் அடித்துப்போய், பஸ் நின்றது. அந்த ஊரில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, யார் போனிலும் சார்ஜ் இல்லை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்துக் கூட்டிவந்தேன். அடுத்தது திங்கட்கிழமை. அன்றைக்கு உண்மையாகவே போக முடியவில்லை. வல்லம் தாண்டி ரோட்டின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. அதை நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். திங்கட்கிழமைக்கு நான் பொறுப்பில்லை.

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. ரோட்டோரத்தில் வேர்க்கடலைக் கொல்லையெல்லாம் சேறாகக் கிடந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே திண்டிவனத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. சக்கரம் முழுக்க மண். ஜன்னலில் ஒரு குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது. பஸ் என்னைக் கடந்து செஞ்சிப் பக்கம் திரும்பிப் போகிறவரை பார்த்தேன். பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். விசேஷமாக எதுவும் நினைக்கவில்லை. காற்று நன்றாக இருந்தது.

செஞ்சிக்குள் வந்ததும் போனுக்கு டவர் கிடைத்தது. உடனே முருகையன் கூப்பிட்டான். காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

"அண்ணா, ரோடு தொறந்துடுச்சு. ஸ்டீபன் அண்ணனுக்கு சாயங்காலம் மெஷின் காலியா வச்சிருக்கறேன். நேத்தே போட்டிருக்கணும். வண்டி வராதுன்னா சொல்லுங்க, எங்க ஜீப்ப அனுப்பறேன்."

"வேணாம்ப்பா" என்றேன். "திருவண்ணாமலைப் பக்கம் ரோடு நல்லாருந்துச்சு. அங்க போயி போட்டுக்கினோம்."

"அப்பாடா" என்றான் அவன். "அவரு நெனப்பாவே இருந்துச்சுண்ணா."

பைக்கில் ஸ்டீபன் ஊருக்குப் போனேன். சிறுபாலம் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். ஜெனிபர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, போவலாமா?"

"ரோடு இன்னும் இல்லம்மா" என்றேன்.

இதுதான் நான் செய்தது. மூன்று வார்த்தை. இதைக் கொலை என்று எந்தப் பிரிவில் எழுதுவீர்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமையும் போய் அதையேதான் சொன்னேன். வார்த்தையை மாற்றவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. "டிராக்டர்ல வச்சி இட்டுக்கினு போயிடலாமாண்ணா? எங்க சித்தப்பா வண்டி இருக்குது" என்றாள். தண்ணீரின் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள் என்றாள். சொல்லிவிட்டேன், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறதாம் என்றேன். நான் யாருக்கும் சொல்லவில்லை. அவள் என்னை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. இத்தனை நாள் அவனைத் தூக்கிச் சுமந்தவன் நான்.

ஸ்டீபனுக்கு அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. என் பேண்ட் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நீ ஏன்டா இந்தத் தண்ணியில அலையற. பாம்பு கீம்பு வந்துடப் போவுது" என்றான். தாகம் தாங்க முடியவில்லை என்றான். புயலில் விழுந்த தென்னைமரத்து இளநீர் வாசலில் குவிந்து கிடந்தது. இளநீர் அவனுக்கு ஆகாது. பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்று முருகையன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஸ்டீபனுக்கும் தெரியும். ஜெனிபர் பின்கட்டில் இருந்தாள். கேட்டான், சீவிக் கொடுத்தேன். முழுசாகக் குடித்தான். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா" என்றான். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக அவன் ஒரு டம்ளர்கூட ஒரேமூச்சில் குடித்ததில்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். இன்னொன்று சீவினேன்.

வியாழக்கிழமை காலையில் போய்விட்டான். ஜெனிபர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கண் என்னைப் பார்த்தபடி இருந்தது. பயம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கல்லறையில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. வாளி வைத்து இறைத்துவிட்டுத்தான் இறக்கினார்கள். நானும் இறைத்தேன். ரோடு சரியாகிவிட்டது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் என்றைக்குச் சரியானது என்று கணக்குப் பார்க்கும் மனநிலையில் யாரும் இல்லை. ரெண்டு கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். கோட்டையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவருக்கு நீங்க செஞ்ச மாதிரி யாரும் செய்ய முடியாதுண்ணா" என்றாள். அஞ்சலி வீடியோ ஒன்று போட்டேன். ஸ்டீபன் வீடியோவைப் பார்த்ததைவிட அதிகம் பேர் அதைப் பார்த்தார்கள். அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு 'உப்புச்சுவர்' தொடரின் கடைசி சீசன் வந்தது. அதைப் பற்றி நான் மூன்று வீடியோ போட்டேன். இதைப் பார்க்க ஸ்டீபன் இல்லாததே நல்லது, இருந்திருந்தால் மனசு உடைந்துபோயிருப்பான் என்று சொன்னேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, மேடம். உண்மையாகச் சொல்கிறேன். ஒரு விஷயம் நன்றாக இருக்கும்போதே அவனுக்கு முடிந்துவிட்டது.

ஜெனிபர் போன வாரம் திண்டிவனம் போயிருக்கிறாள். வீட்டில் ஊசி மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். வேறு யாருக்காவது ஆகட்டும் என்று மையத்தில் கொடுக்கப் போயிருக்கிறாள். முருகையன் அவளிடம், "திருவண்ணாமலைல போட்டப்புறம் இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறான்.

அங்கிருந்து நேராக என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் அந்த மருந்துப் பை அப்படியே இருந்தது. கொடுக்காமல் வந்துவிட்டாள் போல. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"செவ்வாய்க்கெழமையே ரோடு தொறந்துடுச்சின்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"ஜீப் அனுப்பறேன்னாங்களாமே."

"ஆமாம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். உங்களுக்குச் சொன்னதுபோலவே அவளுக்கும் பொறுமையாகச் சொன்னேன். மார்த்தா கதவை மூடியதைச் சொன்னேன். ஒரு விஷயம் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதைச் சொன்னேன். ஆபரேஷனும் கஷ்டம்தான், அந்தக் கடைசி சீசனும் அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அவள் பிளைவுட் தடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது.

நான் முடித்ததும் அவள் கேட்டாள்: "அந்தக் கடைசி சீசன நீங்க பாத்தீங்களாண்ணா?"

"மூணு வீடியோ போட்டிருக்கறனேம்மா."

"பாத்தீங்களான்னு கேட்டேன்." பிறகு அவளே சொன்னாள். "நீங்க அஞ்சாவதுக்கு மேல எதையுமே பாத்ததில்ல. கலைவாணி அண்ணி போனப்புறம் உங்களால அத்தப் பாக்க முடியலன்னு அவரு சொன்னாரு. அடுத்தவன் எழுதறதப் படிச்சிட்டு வந்து பேசறான், பாவம், நான் இன்னாத்துக்கு ஊரறியச் சொல்லணும்ன்னாரு. மணியடிக்கிறவரு சாவவே இல்லியாம் அண்ணா. அன்னிக்கி கோட்டையில நீங்க மாட்டிக்கினீங்களேன்னு, வீட்டுக்கு வந்து எவ்ளோ வருத்தப்பட்டாரு தெரியுமா."

இவ்வளவும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். உங்கள் ஸ்டேஷன் பக்கம்தான் போனாள் என்று பிறகு தெரிந்தது.

ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன். அந்த வெள்ளிக்கிழமை, மழை ஆரம்பிக்கிற நேரம், திண்டிவனத்திலிருந்து திரும்பி வரும்போது ஆம்னியில் ஸ்டீபன் பேசியது. கடைசி சீசனை இரண்டு பேரும் சேர்ந்து லைவில் பார்த்துக்கொண்டே பேசலாம் என்றான். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பெரிய ஆட்டம் போட்டுடலாம்டா. அதுக்குள்ள நீ விட்டதெல்லாம் நானே உனக்குப் போட்டுக் காட்டறேன். ஆறுலேர்ந்து. ரெண்டு பேரும் பொறுமையா பாப்போம்."

"விட்டதுன்னா?" என்றேன்.

"விட்டதுதான்டா." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நான் சங்கடப்படக் கூடாது என்று. "யாருக்கும் தெரியாது. இனிமேயும் தெரியாது. நான் இருக்கறேன் இல்ல."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். வைப்பரைப் போட்டேன்.

அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன். ரோடு திறந்ததை மறைத்தேன். ஜீப்பை வேண்டாம் என்றேன். ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை. ஆகாது என்று தெரிந்தே இளநீர் கொடுத்தேன். ஸ்டீபனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நான் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை என்று ஜெனிபர் சொன்னாளே, அதை மட்டும் எழுத வேண்டாம், மேடம். இந்த மாதிரிக் காகிதமெல்லாம் எப்படியும் வெளியே வந்துவிடும். வெளியே இருக்கும் அந்தப் போலீஸ்காரரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் பேச்சை நம்பி இன்னும் கொஞ்சம் பேர் என் பக்கம் இருக்கிறார்கள்.